கலஞ்சோவும் கூடத்து விளக்கும்

மார்கழி பிறந்ததும், நம் நகரங்களிலுள்ள நர்சரிகளின் வாசலில், பளபளக்கும் காகிதம் சுற்றிய சிறு தொட்டிகளில் கலஞ்சோச் செடிகள் வரிசையாக வந்து அமர்வதும், சிவப்பும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாய்க் கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும் அவற்றின் அழகில் சொக்கிப்போய், புதுமனை புகுவிழாவுக்குப் பரிசாகவும் சொந்தக் கூடத்துக்கு அலங்காரமாகவும் ஜனங்கள் அவற்றை வாங்கிக்கொண்டு போவதும், பங்குனி பிறப்பதற்குள் அவற்றில் பெரும்பாலானவை குப்பைக் கூடைக்குப் போய்ச் சேருவதும், ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும் சம்பிரதாயமாகிவிட்டன. பல ஆண்டுகள் உயிரோடிருந்து, ஆண்டுக்கொரு முறையேனும் பூத்துக் குலுங்கும் சக்தி படைத்த ஒரு செடி, வாடியதும் கழற்றி எறிகிற பூமாலைக்குச் சமானமாக நடத்தப்படுகிறது.

இதற்கு வாங்கியவரின் அசிரத்தையைக் குறை கூறுவது நியாயமாகாது. அவர் சிரத்தையோடுதான் வளர்க்கிறார். அந்தச் சிரத்தையே செடிக்கு யமனாகிறது. காலையில் துளசிக்கு வார்த்த கையோடு இதற்கும் ஒரு செம்பு தண்ணீர் வார்க்கிறார். இரவு பத்து, பதினொரு மணி வரை கூடத்து விளக்கின் கீழ், வருகிறவர் கண்ணில் படும்படி அதைக் கொலுவிருத்துகிறார். தண்ணீரைக் குறையுங்கள், இருட்டைக் கூட்டுங்கள் என்ற இரண்டே விஷயங்களை விற்றவர் சொல்லியிருந்தால் போதும். அவரோ அதை விட்டுவிட்டு, "ராத்திரியில் ஆக்ஸிஜன் விடும் சார், வீட்டுக் காற்றையே சுத்தம் பண்ணிவிடும்" என்று செடிக்குப் பொருந்தாத ஒரு பெருமையைச் சொல்லி அனுப்பிவிடுகிறார். என் வழக்கெல்லாம் அவரோடுதான்.

செடியின் பூர்வீகத்தைச் சற்றே தெரிந்துகொண்டால் அதன் சுபாவம் விளங்கும். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள மடகாஸ்கர்த் தீவின் வடக்கே, ட்சாரதனானா என்னும் மலைப்பகுதியில் தானாக வளர்ந்திருந்த சிவந்த பூச்செடி இது. அதை 1932-இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரத்தில் வியாபாரத்துக்குக் கொண்டுவந்தவர் ராபர்ட் பிளாஸ்ஃபெல்ட் என்ற செடி வளர்ப்பாளர். தாவர சாஸ்திரத்தில் செடி இன்றும் அவர் பெயரைத் தாங்கியே வழங்குகிறது. பிறகு டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் கண்ணாடிக் கூடங்களில் அதை வேறு இனங்களோடு கலந்து கலந்து, இன்று நாம் காணும் வர்ணங்களையெல்லாம் உண்டாக்கினார்கள். ஆனால் வர்ணம் எவ்வளவு மாறினாலும் இலை மாறவில்லை. தடித்து, விளிம்பில் மழுங்கிய பற்களோடு, நல்ல வெயில் பட்டால் ஓரம் செம்மை பாய்ந்து நிற்கும் அந்த இலைதான் செடியின் தண்ணீர்த் தொட்டி. வேரடியில் நாம் ஊற்றுவது, ஏற்கெனவே நிறைந்த தொட்டியின்மேல் ஊற்றுவதாகவே முடிகிறது.

இலை நீரைச் சேமிப்பது மட்டும் அதன் சாமர்த்தியம் அன்று. சேமித்ததைச் செலவழிக்காமல் உயிர் வாழ்வதில்தான் அதன் அசாதாரணத் திறமை அடங்கியிருக்கிறது. அதைப் பற்றிய ஆதிச் செய்தி ஒன்று நம் கரையில் வாழ்ந்த ஒருவரிடமிருந்து வந்தது என்பது நம்மில் பலர் அறியாத விஷயம். பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொரேவியக் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராஜதானியில் தாவர ஆராய்ச்சியாளராக உத்தியோகம் பார்த்து, 1819-இல் சென்னையிலேயே காலமானவர். கலஞ்சோவுக்கு நெருங்கிய உறவினமும், நம் கிராமங்களில் வேலியோரத்தில் வளர்வதும், இலையைக் கிள்ளிப் போட்டாலே அதன் விளிம்பில் குட்டிச் செடிகள் முளைப்பதால் 'கட்டிப் போட்டால் குட்டி போடும்' என்று பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பதுமான ரணகள்ளியின் இலையை அவர் வெவ்வேறு வேளைகளில் வாயிலிட்டு மென்று பார்த்தார். விடியற்காலையில் அது புளியாரைக்கு நிகராகப் புளித்தது. பொழுது ஏற ஏறப் புளிப்புக் குறைந்து நடுப்பகலில் சுவையற்றுப் போயிற்று. மாலை நெருங்கும்போது லேசாகக் கசந்தது. இதை அவர் 1813-இல் கடிதமாக எழுதியனுப்ப, லண்டன் லின்னேயன் சங்கம் தன் வெளியீட்டில் அதை அச்சிட்டது. கருவி எதுவும் இல்லாமல், நாக்கு ஒன்றையே தராசாகக்கொண்டு ஒரு மனிதர் செய்த அந்தச் சோதனையின் முழுப் பொருள் விளங்க மேலும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மானிய மகாகவி கதேயும் இதே செடியின்மீது மோகங்கொண்டு, குட்டி முளைத்த இலைகளை நண்பர்களுக்கு அன்பளிப்பாக அனுப்பிவந்தார் என்பது தனிக் கதை.

அந்தப் புளிப்பின் காரணம் இதுதான். மற்றச் செடிகள் பகலில் இலையின் நுண்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை இழுக்கின்றன. துளை திறந்திருக்கும் போதெல்லாம் இலையிலுள்ள ஈரமும் வெயிலோடு போய்விடுகிறது. கலஞ்சோ வகையறாவோ, வறண்ட காலத்தில், பகலில் துளைகளை இறுக மூடிக்கொண்டு, வெக்கை தணிந்த இரவில் திறந்து, அப்போது உள்ளே வரும் வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி இலையின் உயிரணுக்களில் பொதிந்து வைக்கின்றன. பொழுது விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, சேர்த்து வைத்த அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சிதைத்து, அதிலிருந்து வெளிப்படும் வாயுவைக்கொண்டு சூரிய ஒளியில் சர்க்கரை சமைக்கின்றன. விடியலில் அமிலம் நிறைந்திருப்பதால் புளிப்பு. மாலைக்குள் செலவாகிவிடுவதால் புளிப்பில்லை. ஒரு கிராம் கரியமில வாயுவை உட்கொள்ள நெல், கோதுமை முதலான சாதாரணப் பயிர்கள் 400 முதல் 500 கிராம் வரை நீரை ஆவியாக விட வேண்டியிருக்க, இவ்வகைச் செடிகளுக்கு 50 முதல் 100 கிராம் போதுமென்று தாவர சாஸ்திர நூல்கள் கணக்குச் சொல்கின்றன.

இங்கேதான் நர்சரிக்காரரின் 'ராத்திரி ஆக்ஸிஜன்' பிறந்தது. இரவில் துளை திறக்கும் செடி என்று யாரோ சொல்ல, இரவில் பிராணவாயு விடும் செடி என்று யாரோ கேட்டுக்கொண்டார்கள். பிராணவாயு உண்டாவதற்கு வெளிச்சம் வேண்டும். இருட்டில் அது உண்டாவதில்லை. இரவில் இச்செடி செய்வதெல்லாம் கொஞ்சம் கரியமில வாயுவை வாங்கிக்கொள்வதுதான். ஒரு கைப்பிடித் தொட்டிச் செடி வாங்கும் அளவு, படுக்கையறையில் உறங்கும் மனிதரின் மூச்சுக்கு முன்னால் ஒரு பொருட்டேயன்று. காற்றைச் சுத்தம் செய்யும் பெருமைக்கும் ஒரு மூலம் உண்டு: 1989-இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் இறுக மூடிய சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்து நச்சு வாயுக்கள் குறைவதைக் கண்டது. விண்வெளிக் கலத்துக்காகச் செய்த சோதனையை நம் வீட்டு ஜன்னலுக்குப் பொருத்தியது பத்திரிகைகளும் வியாபாரிகளும். 2019-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் இத்தகைய சோதனைகளையெல்லாம் ஒன்றுசேர்த்து மறுகணக்குப் போட்டு, சாதாரணக் கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாகச் செடிகள் வேலை செய்ய வேண்டுமானால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1000 செடிகள் வரை வேண்டும் என்று கண்டார்கள். அத்தனை செடிகளுக்கு நடுவே மனிதர் நிற்க இடமிராது. ஜன்னலைத் திறந்து வைப்பது மலிவு.

பொய்ப் பெருமைகளை அகற்றிவிட்டால், செடியின் மெய்யான உபகாரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. 2019-ஆம் ஆண்டுக் கோடையில், சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டு, குடத்தை வரிசையில் வைத்துக்கொண்டு லாரியின் வரவுக்காகத் தெருவெல்லாம் காத்துக் கிடந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். அத்தகைய நகரத்தில், குளிர்காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை, சில சமயம் பத்து நாளைக்கு ஒருமுறை ஒரு டம்ளர் நீர் பெற்றுக்கொண்டு, ஆறு வாரம், எட்டு வாரம் என்று வாடாமல் பூத்து நிற்கும் செடிக்கு வேறென்ன சிபாரிசு வேண்டும்? ஊருக்குப் போகிறவர்கள் அண்டை வீட்டாரிடம் சாவி கொடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்லவும் வேண்டியதில்லை, சொல்லாதிருப்பதே உத்தமம்.

வளர்க்கும் முறைக்கு வருவோம். முதல் காரியமாக அந்தப் பளபளப்புக் காகிதத்தைக் கழற்றி எறியுங்கள். தொட்டியின் அடித்துளை வழியே வடிகிற நீர் அதற்குள் தேங்கி, வேர் நாள் முழுதும் சேற்றில் நிற்கிறது. விளைவை அருகே குனிந்து பார்த்தால் தெரியும்: அடியிலைகள் மஞ்சளாகி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும், மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு கறுத்து, விரலால் அழுத்தினால் உள்வாங்கும். இலைகள் தொங்குவதைக் கண்ட வீட்டுக்காரர், தாகத்தினால் வாடுகிறது என்று நினைத்து மேலும் ஒரு செம்பு வார்ப்பார். அதோடு கதை முடிந்தது. அழுகல் தண்டில் ஏறிய பிறகு அடிப்பாகத்தைக் காப்பாற்ற வழியில்லை. மேலே ஆரோக்கியமாக உள்ள கிளையை வெட்டியெடுத்து வேறு தொட்டியில் பிழைக்க வைக்கலாம்.

நர்சரியிலிருந்து வரும் தொட்டியில் பெரும்பாலும் தேங்காய் நார்க்கழிவுதான் நிறைந்திருக்கும். எடை குறைவு, லாரியில் ஏற்ற வசதி. ஆகவே வியாபாரிக்கு அது உகந்தது. நம் வீட்டிலோ அது மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் நின்று நம்மை ஏமாற்றும். பூ முடிந்ததும் செடியை எடுத்து, செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அரைப் பங்கு கலந்த மண் தொட்டிக்கு மாற்றிவிடுவது நல்லது. ஆற்று மணல் கிடைப்பதே அரிதாகிவிட்ட இக்காலத்தில், எம்-சாண்டைத் தூசி போக அலசிக்கொண்டாலும், பழைய செங்கலை உடைத்துப் போட்டாலும் தோஷமில்லை. பிளாஸ்டிக்கைவிடச் சுட்ட மண் தொட்டியே மேல். நீர் விடுமுன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் செலுத்திப் பார்க்க வேண்டும். ஈரம் தட்டினால் செம்பை வைத்துவிட்டுப் போய்விட வேண்டியதுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செடியை மொட்டைமாடியில் விட்டுவைப்பது தற்கொலைக்கு ஒப்பு என்று சொல்வார்கள். செடியின் பக்கமிருந்து பார்த்தால் அது கொலை.

வெயில் விஷயத்தில் மட்டும் நம் சமவெளிக்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. வறட்சியைத் தாங்கும் செடியென்றால் அக்கினி நட்சத்திரத்தையும் தாங்கும் என்று பொருளில்லை. மலைநாட்டுச் செடியாதலால் குளிர்ச்சியான இரவும், காலை வெயிலும், பிற்பகல் நிழலும் அதற்கு இதம். கிழக்குப் பார்த்த ஜன்னலோ பால்கனியோ சிலாக்கியம். சித்திரை, வைகாசியில் அது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சும்மா இருக்கும். அப்போது உரமிட்டுத் தூண்டாமல் நிழலில் விட்டுவிடுங்கள். பூத்து ஓய்ந்த கொத்துகளைக் காம்போடு நறுக்கி, நீண்டு சரிந்த கிளைகளையும் பாதியாக வெட்டிவிட்டால், ஆடிக்குப் பிறகு அடர்ந்து தழைக்கும். வெட்டிய நுனிகளை இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகு மணலில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். கணுக்களில் வெள்ளைப் பஞ்சுபோல் மாவுப்பூச்சி கூடு கட்டினால் துணியால் துடைத்து, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் போதும்.

இவ்வளவும் செய்து, செடி கொழுகொழுவென்று தழைத்து, ஆனால் மறு ஆண்டு ஒரு மொட்டுக்கூட வைக்கவில்லை என்று ஏமாந்தவர்கள் அநேகர். அவர்கள் உரத்தை மாற்றிப் பார்க்கிறார்கள்; தொட்டியை மாற்றிப் பார்க்கிறார்கள்; வாங்கிய கடையையும் மாற்றிப் பார்க்கிறார்கள். மாற்ற வேண்டியது விளக்கை. 1920-இல் கார்னர், அல்லார்டு என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள், சில செடிகள் பூப்பது பகலின் நீளத்தைப் பொறுத்தது என்று புகையிலையையும் சோயா மொச்சையையும் வைத்து நிரூபித்தார்கள். இந்த ஆராய்ச்சி பின்னர் ஜெர்மனியில் விருத்தியடைந்தபோது, அங்கே பெரிதும் கையாளப்பட்ட சோதனைச் செடிகளுள் ஒன்று நம் கலஞ்சோ. அது கணக்கெடுப்பது, உண்மையில், இடையறாத இருட்டின் நீளத்தை. பன்னிரண்டு மணிக்கு மேற்பட்ட நீண்ட இரவுகள் பல வாரங்கள் தொடர்ந்து வந்தாலன்றி அது மொட்டு வைக்காது. நடு இரவில் சிறிது நேரம் வெளிச்சம் பட்டாலும் அன்றைய கணக்கு அழிந்துவிடும். இன்னும் ஓர் அதிசயம் உண்டு. இளம் இலைகள் பகலில் துளை திறக்கும் சாதாரண வழக்கத்தை விட்டு, இரவில் திறக்கும் சிக்கன வழக்கத்துக்கு மாறுவதையும் இதே நீண்ட இரவுகள் துரிதப்படுத்துகின்றன. குறுகிய பகலைக் கண்டதும் செடி பூவுக்கும் பஞ்சத்துக்கும் ஒருசேர ஆயத்தமாகிறது.

சென்னையில் ஆனி மாதத்துப் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம். மார்கழியில் சுமார் 11 மணி 20 நிமிடம். ஆகவே புரட்டாசிக்குப் பிறகு நம் வானமே செடிக்கு வேண்டிய இரவைக் கொடுத்துவிடுகிறது. கொடுத்ததைப் பறித்துக்கொள்வது டியூப்லைட்டும் தொலைக்காட்சியும், ஜன்னலுக்கு நேரே எரியும் தெருவிளக்குந்தான். கூடத்தில் பதினொரு மணிக்கு விளக்கணைத்து ஐந்து மணிக்கு எழுந்து போடும் வீட்டில், கார்த்திகையும் செடிக்குக் கோடைக்காலம். பரிகாரம் மிக எளிது: புரட்டாசி, ஐப்பசியில் மாலை ஆறு மணிக்கு ஒரு அட்டைப்பெட்டியைச் செடியின்மேல் கவிழ்த்து, காலை எட்டு மணிக்கு எடுத்து, பகலில் நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். இப்படி ஆறு வாரம் தவறாமல் நடத்தினால் கிளை நுனிகளில் பச்சை மணிகளாய் மொட்டுகள் திரளும்; அதன் பிறகு பெட்டி வேண்டாம். விளக்குப் போடாத ஓர் அறை இருந்தால் பெட்டிகூட வேண்டாம். கோடையில் 17 மணி நேரம் பகல் நீடிக்கும் டென்மார்க்கில் ஆண்டு முழுவதும் கலஞ்சோவைப் பூக்க வைக்கிற வியாபாரிகள், கண்ணாடிக் கூடம் முழுவதையும் மாலையில் கறுப்புத் திரையிட்டு மூடிச் செய்கிற வித்தையும் இதுவே. ஒற்றைப் பூவை உற்றுப் பாருங்கள்: நாலே இதழ், விரல் நகத்தைவிடச் சிறியது, பகலில் விரிந்து இரவில் குவியும். இருட்டிலேயே வைத்தாலும் சில நாள் அது தன் வேளை தவறாமல் விரிந்து குவியும். செடிக்குள் ஓடும் கடிகாரம் அத்தகையது.

பூத்த செடியைச் சாப்பாட்டு மேஜையில் வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் வைப்பவர்களுக்கு ஒரு சொல். பழம் கனியும்போது வெளிவரும் எத்திலீன் வாயு இப்பூக்களுக்கு ஆகாது. விரிந்த பூக்கள் சுருண்டு மூடிக்கொண்டு, பிறகு திறப்பதேயில்லை.

அதைவிட முக்கியமான எச்சரிக்கை: கலஞ்சோவும் அதன் சுற்றத்தாரும் இருதயத்தைத் தாக்கும் நஞ்சு உடையவை. இவற்றை மேய்ந்த கால்நடைகள் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மாண்டிருக்கின்றன. பூனை, நாய் வளர்ப்பவர்களும், கண்டதை வாயிலிடும் குழந்தையுள்ளவர்களும் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். ரணகள்ளி இலையைக் காலையில் வெறும் வயிற்றில் மென்றால் சிறுநீரகக் கல் கரையும் என்று செல்பேசிகளில் சுற்றிவரும் யோசனையை நம்பி வைத்தியர் துணையின்றி இறங்குவோருக்கும் இது பொருந்தும். ஹெய்ன் துரை மென்று பார்த்தது சுவை அறிய, பத்தியமாக அன்று.

இவற்றுள் எதுவும் நர்சரிக்காரர்களுக்குத் தெரியாததன்று. அவர்களுக்குச் செடியை அனுப்புகிற பெரிய தோட்டங்களுக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனெனில் இருட்டடித்துத்தான் அவர்கள் மார்கழிக்குச் சரியாகப் பூக்க வைக்கிறார்கள். தொட்டியில் செருகும் விலைச்சீட்டின் பின்புறம் வெறுமையாகவே கிடக்கிறது. அங்கே, மண் காய்ந்த பிறகு நீர், ஆறு வாரம் நீண்ட இரவு, பிராணிகளுக்கு நஞ்சு என்று தமிழில் அச்சிட என்ன செலவு பிடிக்கும்? இதைச் சொன்னால், வாங்கிய செடி சாகாவிட்டால் அடுத்த மார்கழிக்கு யார் வாங்குவார்கள் என்று ஒரு வியாபார நியாயம் வருகிறது. சிவப்புக் கலஞ்சோவைத் தம் கையால் மறுபடி பூக்க வைத்த ஒருவர் அந்த நர்சரி வாசலைத் தாண்டிப் போகும்போது, மஞ்சளில் ஒன்று வாங்காமல் போவாரா என்பதை, தினமும் அந்த வாசலில் நின்று மனிதர்களைப் பார்க்கிற வியாபாரிதான் எனக்குச் சொல்ல வேண்டும்.